அவிழ்த்துவிட்டது நான்தான்

ஐயம்பேட்டை,
11 ஜூன் 2024

புவனேஸ்வரி மேடத்துக்கு,

வணக்கம். நான் சுகாசினி. வாலாஜாபாத் ரோட்டில் உங்கள் அப்பா இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஆபீசில் எங்களை ‘கேர்டேக்கர்’ என்பார்கள், பார்க்க வருகிறவர்கள் ‘ஆயாம்மா’ என்பார்கள். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். ரிஜிஸ்டரில் உங்கள் சூரத் விலாசம் இருந்தது, அதை வைத்து எழுதுகிறேன். இது இல்லத்துக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை அனுப்ப இன்னொரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வராந்தாவில் விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பக்கவாதத்தில் வலது கை போன மனிதருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கைதான். அதுவும் இப்போது மாவுக்கட்டில் இருக்கிறது. உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய புகாரில் ஒரு வரி தப்பு. மேலாளர் ராமலிங்கம் சார் எனக்குப் படித்துக் காட்டினார். ‘உதவியாளரின் கவனக்குறைவால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கவனக்குறைவு இல்லை மேடம். அப்பாவின் கட்டை அவிழ்த்துவிட்டது நான்தான். தெரிந்துதான் அவிழ்த்தேன். பதினோரு நாளாக அவர் கட்டில்லாமல்தான் இருந்தார். பன்னிரண்டாம் நாள் விழுந்தார்.

எந்தக் கட்டு என்று கேட்பீர்கள். இல்லத்தில் இருபத்துமூன்று பேர். சாயங்கால டூட்டியில் நானும் வள்ளியும் இரண்டே பேர். நாலு மணியானால், எழுந்து நடக்கக்கூடிய ஆறு பேரை நாற்காலியில் உட்காரவைத்து, பழைய காட்டன் புடவையைக் கிழித்து வைத்திருக்கிறோமே, அதை இடுப்பைச் சுற்றிக் கொடுத்து நாற்காலி முதுகோடு முடிச்சுப் போடுவோம். நடந்தால் விழுந்துவிடுவார்களாம். சாப்பாடு முடிந்து படுக்கப் போகிறவரை அப்படியேதான்.

அந்த ஆறு பேரில் உங்கள் அப்பா ஒருவர். ஜனவரியிலிருந்து மே கடைசிவரை அவரைக் கட்டியதும் நான்தான். இதையும் மறைக்கப் போவதில்லை.

மே 26ஆம் தேதி அவர் ஒரு மணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயில் தங்கிப்போன சொல் ஒன்றே ஒன்று, ‘இல்ல’. அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எப்போதும் போடுகிற சத்தம்தானே என்று நான் ரேணுகாம்பாள் அம்மாவுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் வேட்டி நனைந்து, நாற்காலிக்கடியில் தேங்கியிருந்தது. பாத்ரூம் போகக் கூப்பிட்டிருக்கிறார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொதிக்கிற சாயத்தொட்டியில் நாற்பது வருஷம் பட்டு முறுக்கியெடுத்த கை, இடுப்பில் நான் சுற்றிய கட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து நான் கட்டவில்லை.

நேற்று ராமலிங்கம் சார் ஒரு தாளை நீட்டினார். ‘வேலையில் அலட்சியமாக இருந்துவிட்டேன். இல்லத்தில் யாரையும் கட்டிவைக்கும் வழக்கம் இல்லை’ என்று டைப் செய்திருந்தது. அதன் கீழே, ‘கட்டினோம். நானும் கட்டியிருக்கிறேன். இனிமேல் கட்ட மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்றிலிருந்து சஸ்பெண்ட்.

என் மேல் தாராளமாகப் புகார் கொடுங்கள். நடந்ததைச் சொல்லிக் கொடுங்கள்.

சுகாசினி


சூரத்,
17 ஜூன் 2024

சுகாசினிக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தடவையும் தேடினேன், கிடைக்கவில்லை.

என் அப்பா திருஞானசம்பந்தம் யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துத் தரச் சொன்னதில்லை. பக்கவாதம் வந்த பிறகும் இடது கையால் தானே பிசைந்து சாப்பிட்டவர். அந்தக் கையையும் முறித்துவிட்டு, ‘தெரிந்துதான் அவிழ்த்தேன்’ என்று மார்தட்டி எழுதுகிறாய். நீ டாக்டரா? அவர் விழுவாரா மாட்டாரா என்று தீர்மானிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நாற்காலியில் பெல்ட் போடுவோம் என்று சேர்க்கும்போதே சொன்னார்கள். காரில் போடுவதில்லையா? அது பாதுகாப்பு. அதைப் போய் ஏதோ மாட்டைக் கட்டுவதுபோல எழுதியிருக்கிறாய்.

நான் அப்பாவைத் தள்ளிவிட்டு வந்தவள் என்று உனக்கு நினைப்பு இருக்கலாம். இங்கே என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது, எல்லாம் மறந்துபோய்விட்டது. என் கணவர் ஜரிகைக் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவார். இரண்டு அறை வீடு. நான் ஒரே மகள். அப்பாவை எங்கே வைத்துக்கொள்வேன், சொல்.

உன்னை மாதிரி ஆட்களிடம் ஒப்படைக்க அப்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு வள்ளிதான் கொடுக்க வேண்டும் என்று ராமலிங்கத்திடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

ஒரு மணி நேரம் ஈரத்தில் இருந்தார் என்று எழுதியிருக்கிறாயே, அது நிஜமா? அதற்கு மட்டும் பதில் எழுது.

புவனேஸ்வரி


ஐயம்பேட்டை,
22 ஜூன் 2024

புவனேஸ்வரி மேடத்துக்கு,

நிஜம்.

அதற்கு மட்டும் எழுதச் சொன்னீர்கள். மீதியையும் எழுதுகிறேன். கிழித்துப் போடுவது உங்கள் இஷ்டம்.

முதலில் ஒன்று. உங்கள் அப்பா வயதுக்கு அவர் என்னை ‘நீ’ என்றால் அது வேறு. எனக்கு முப்பத்தாறு வயது, உங்களுக்கு நாற்பத்தைந்து இருக்குமா? நான் உங்களை ‘நீங்கள்’ என்றுதான் எழுதுகிறேன். நீங்களும் அப்படி எழுதலாம்.

‘உன்னை மாதிரி ஆட்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். எந்த மாதிரி என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் தெரியும். என் அப்பா அடுத்தவர் வயலில் நெல் அறுத்தவர். நான் படித்துச் சான்றிதழ் வாங்கி, இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சாப்பாட்டு விஷயமும் கேளுங்கள். முதல் மூன்று நாள் வள்ளிதான் கொடுத்தாள். நாலாம் நாள் அவள் லீவு. நான் தட்டை எடுத்துப் போனேன். காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தியானமும் அப்படித்தான். ராத்திரி சாப்பிட்டார். பசியா, மனசு மாறினாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் யார் கொடுத்தாலும் அவருக்கு ஒன்றுதான். முருங்கைக்காயை மட்டும் நான் வழித்துக் கொடுத்தால்தான் தொடுவார்.

அவருடைய ‘இல்ல’ எல்லாம் ஒரே ‘இல்ல’ கிடையாது. தூக்கிச் சொன்னால் தண்ணீர் வேண்டும். இழுத்துச் சொன்னால் எங்கேயோ வலிக்கிறது. இரண்டு தடவை வேகமாகச் சொன்னால் பாத்ரூம். இது கடைசியாகத்தான் எனக்குப் புரிந்தது. புரிய ஐந்து மாசம் ஆனது என் தப்பு. நீங்கள் தேடிய மன்னிப்பை இதற்குக் கேட்கிறேன். அவரைக் கட்டியதற்கும் கேட்கிறேன். அவிழ்த்ததற்குக் கேட்க மாட்டேன்.

கார் பெல்ட்டை நாமே போட்டுக்கொள்கிறோம், நாமே கழற்றுகிறோம். இந்த முடிச்சு முதுகுக்குப் பின்னால் இருக்கும். அப்பாவைச் சேர்த்த அன்று நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் பதினோராவது விதியைப் படித்துப் பாருங்கள். நகல் உங்களிடம் இருக்கும்.

அவர் விழுந்தபோது நான் பக்கத்தில் இல்லை. சபாபதி ஐயா வாந்தியெடுத்தார் என்று ஓடினேன். திரும்பி வருவதற்குள் விழுந்துவிட்டார். ராமலிங்கம் சார் கேட்டார்:

“வுழுந்தா யாரும்மா பதில் சொல்றது? நீயா?”

“நான்தான் சார். கட்டி வெச்சதுக்கு யாரு பதில் சொல்றது?”

“சட்டம் பேசிக்கினு நிக்காதம்மா. ரெண்டு பேரை வெச்சிக்கினு இருவத்திமூணு பேரை நான் எப்டி சமாளிக்கிறது?”

அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் மூன்றாவதாக ஒரு ஆள். புடவைக் கிழிசல் இல்லை.

எனக்கும் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. காலையெல்லாம் அப்பா அமைதியாக இருக்கிறார். சரியாக நாலு மணிக்கு எழுந்திருக்கிறார். கட்டில்லாமல் இருந்த பதினோரு நாளும் கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். ஷேர் ஆட்டோ போனால் அதைப் பார்ப்பதில்லை, வேறு எதையோ தேடுகிறார். நாலு மணிக்கு என்ன? உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சுகாசினி


சூரத்,
29 ஜூன் 2024

சுகாசினி அவர்களுக்கு,

‘நீங்கள்’ என்று எழுதுவதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. முதலிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும்.

படிவத்தைத் தேடியெடுத்தேன். ‘தேவைப்படும்போது பாதுகாப்புக் கட்டுப்பாடு செய்வதற்கு உறவினர் சம்மதிக்கிறார்.’ பக்கத்தில் என் கையெழுத்து, என் வழக்கமான சுழிப்போடு, அழகாகவே இருக்கிறது. அன்று ஒன்பது பக்கத்திலும் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பது ஒரு காரணம். படித்தால் ஏதாவது கண்ணில் படும், கண்ணில் பட்டால் அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது என்பது இன்னொரு காரணம். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை, உங்களிடம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு அப்பா பட்டறையிலிருந்து வெளியே வருவார். அன்றைக்கு என்ன சாயமோ அது முழங்கைவரை ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வர மாட்டார், நேராக டீக்கடைக்குப் போவார். மழையானாலும் திருவிழாவானாலும் அது மாறாது. அம்மா இறந்த அன்றும் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, நாலு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நானும் பேசினேன். அவர் போய் டீ குடித்துவிட்டுத்தான் வந்தார்.

அவர் அப்படித்தான். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று நான் நின்றபோது, ‘இல்ல’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நான் அவருடைய மகள்தானே, செய்துகொண்டேன். ஒன்பது வருஷம் எங்களுக்குள் பேச்சு இல்லை. பேச ஆரம்பித்த இரண்டாவது வருஷம் பக்கவாதம் வந்து அந்தச் சொல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

ஜூலை முதல் வாரம் வருகிறேன். ராமலிங்கத்துக்குச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். சரியாக நாலரை மணிக்கு உள்ளே போவேன். நீங்கள் எழுதியது பொய்யாக இருந்தால், சுகாசினி, உங்களைச் சும்மா விட மாட்டேன்.

புவனேஸ்வரி


ஐயம்பேட்டை,
10 ஜூலை 2024

புவனாக்கா,

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்படிக் கூப்பிடச் சொன்னீர்கள். பழகவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

நீங்கள் ரயிலேறிய பிறகு வள்ளி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு அப்பாவைக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்து நீங்களே அவிழ்க்கப் போனீர்களாம். முடிச்சு அவிழவில்லை என்று நேராகச் சமையல்கட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்து அறுத்தீர்களாம். “அந்தம்மா கத்தியோட வந்ததைப் பாத்து சாரு செவுத்தோட செவுரா ஒட்டிக்கினாருக்கா” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் சஸ்பெண்டில் இருந்த நாளெல்லாம் அந்தக் கையோடு அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். வள்ளிதான் கட்டியிருக்கிறாள். அவளுக்கும் வேலை வேண்டும்.

‘என்னைப் பார்த்து இல்லன்னு சொல்லி முகத்தைத் திருப்பிக்கிட்டாரு’ என்று எங்கள் வீட்டில் சொன்னீர்கள். அப்பா அதை எப்படிச் சொன்னார் என்று வள்ளியிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார் என்றாள். துணி மாற்றும்போது மட்டும்தான் அவர் அப்படிச் சொல்வார். அது கூச்சம் அக்கா. அந்தக் கோலத்தில் மகள் பார்த்துவிட்டாளே என்கிற கூச்சம். என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம். ஆனால் தினம் எட்டு மணி நேரம் அவரோடு இருந்தவள் சொல்கிறேன்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் நீங்கள் மோர் குடித்தீர்கள். என் அம்மா தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. தாகம் எடுத்தது, மோர் கொடுத்தோம், குடித்தீர்கள். அதற்கு என்ன கொண்டாட்டம்? அம்மாவிடம் சண்டை போட்டேன். உங்களிடமும் சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் புகாரைத் திரும்ப வாங்கியதும் ராமலிங்கம் சார் கூப்பிட்டனுப்பினார். வேலைக்கு வா, ஆனால் அந்தப் பழைய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வா என்றார். மாட்டேன் என்றேன். அப்பாவுக்கு மட்டும் கட்டு வேண்டாமென்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மற்ற ஐந்து பேர்? ரேணுகாம்பாள் அம்மாவின் மகனும் அதே படிவத்தில், அதே மாதிரி நின்றுகொண்டுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்.

உங்களுக்கு எழுத்து வரும். கட்டுவதற்குத் தந்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்களிடம் காட்டுகிறேன். கேட்டுக்கு வெளியே நின்றுதான் காட்டுவேன். ரோடு ராமலிங்கம் சாருடையது இல்லை.

சுகாசினி


சூரத்,
17 ஜூலை 2024

சுகாசினி,

நீங்கள் கேட்ட கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்தே வரிதான். ‘எங்கள் வீட்டுப் பெரியவர் விழக்கூடும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தே இதை எழுதுகிறோம்’ என்ற வரியை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். அதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. எழுதிவிட்டால் பிறகு விழும்போது உங்கள் மேல் பழி போட முடியாதே என்று ஒரு மனசு முரண்டு பிடித்தது. என் புத்தி அப்படி.

ராமலிங்கம் போன் செய்தார். “மேடம், இதெல்லாம் சரிப்பட்டு வராது, வேற எடம் பாத்துக்குங்க” என்றார். “பாத்துக்கிறேன் சார். கட்ட வேணாம்னு சொன்னதால அனுப்புறோம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, அடுத்த எடத்துல காட்டணும்ல” என்றேன். பிறகு, யோசிக்கலாம் மேடம் என்றார். நிஜமாகவே அனுப்பிவிட்டால் அப்பாவுக்கு வேறு இடம் எனக்குத் தெரியாது.

மோர் விஷயத்தில் நீங்கள் என்னை லேசாக விட்டுவிட்டீர்கள். டம்ளரைக் கையில் வாங்கி, குடிப்பதற்குள் நான் ஒரு நொடி யோசித்தேன். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்ததை எழுதவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

இங்கே மாமியார் கட்டிலின் இரண்டு பக்கமும் பலகை வைத்து மறித்திருந்தேன், இறங்கிவிடாமல் இருக்க. நேற்று ஒரு பக்கத்துப் பலகையை எடுத்தேன். இறங்கினார். கால் தரையில் பட்டதும் அவர் முகம் மலர்ந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

புவனா


ஐயம்பேட்டை,
21 ஆகஸ்ட் 2024

புவனாக்கா,

நாலு ஞாயிற்றுக்கிழமை கேட்டருகில் நின்றேன். இரண்டாவது வாரம் வாட்ச்மேனை விட்டு விரட்டச் சொன்னார்கள். அவர் வந்து, “யம்மா, நான் தொரத்துற மாரி தொரத்துறேன், நீ போற மாரி போயிட்டு வா” என்றார். போய்விட்டு வந்தேன்.

ஐந்து குடும்பத்தில் நாலு குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டது. ரேணுகாம்பாள் அம்மாவின் மகன் படித்துவிட்டு அங்கேயே பைக் மேல் உட்கார்ந்து அழுதார். சபாபதி ஐயாவின் மகன் மட்டும் மாட்டேன் என்கிறார். “வுழுந்து இடுப்பு ஒடைஞ்சா நீயா வந்து பாப்ப?” என்று கேட்டார். “நான்தான் சார் பாக்கப்போறேன், வேற யாரு பாப்பா?” என்றேன். அவருக்கு என்னைப் பார்த்தாலே எரிச்சல். இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்பேன்.

பன்னிரண்டாம் தேதியிலிருந்து எனக்கு மறுபடியும் வேலை. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. சாயங்காலத்துக்குச் சங்கரி என்று ஒரு பெண்ணைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். மூன்று பேர் ஆகிவிட்டோம். ராமலிங்கம் சார் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் வராந்தாவில் கைப்பிடிக் கம்பி வைக்க ஆள் வந்து அளவெடுத்துப் போனான். யார் சொன்னது என்று கேட்டேன், சாருதான் என்றான்.

அப்பாவுக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. நாலு மணிக்கு டீக்கடைக்குப் போகிறோம். கேட்டிலிருந்து எண்பது அடி இருக்கும். முதல் நாள் அதற்கு இருபத்தைந்து நிமிஷம். ஒரு கையால் பிடிக்கிற வாக்கரை நகர்த்தி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் நகர்த்தி. கடைக்காரர் குரு, “பெர்சு, சக்கரை போட்டா?” என்று கேட்டார். அப்பா “இல்ல” என்றார். குருவும் சர்க்கரை இல்லாமல் ஆற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு அப்பா அவரை முறைத்த முறைப்பு! டம்ளரைத் திரும்ப நீட்டிவிட்டார். மூன்று ஸ்பூன் போட்ட பிறகுதான் குடித்தார். உங்கள் கல்யாணத்துக்கு அவர் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை நினைத்து நான் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது பன்னிரண்டு நிமிஷத்தில் போய்விடுகிறார். பெஞ்சில் உட்கார்ந்ததும் காலை நீட்டிக்கொள்கிறார். யாராவது பேசினால் கேட்கிறார். நான் எழுப்பினால்தான் வருகிறார்.

சுகாசினி


ஐயம்பேட்டை,
5 அக்டோபர் 2024

புவனாக்கா,

நீங்கள் ரயிலில் வந்துகொண்டிருக்கிறீர்கள். எனக்கு டூட்டி இருப்பதால் இதை வள்ளியிடம் கொடுத்து, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். போனில் நீங்கள் அழுதீர்கள், நானும் அழுதேன். அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை டீக்கடைக்குப் போகிற வழியில்தான் விழுந்தார். இந்தத் தடவை நான் பக்கத்தில், கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தேன். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார், வாக்கர் கல்லில் தட்டியது. பிடிக்கப் போனேன். சட்டைதான் கையில் வந்தது, பட்டன் தெறித்துப் போயிற்று. விழுந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வலது இடுப்பு எலும்பு. நாளைக்கு ஆபரேஷன். இதயம் தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பயம் இருக்கிறது என்றுதான் டாக்டர் சொல்கிறார்.

இந்த நாலு மாசமாக வாய் ஓயாமல் பேசியவள் நான். வியாழக்கிழமையிலிருந்து எனக்குப் பேச்சு வரவில்லை. ஆம்புலன்சில் அப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் வந்தார். ‘இல்ல’கூடச் சொல்லவில்லை. அப்படி அவரை நான் பார்த்ததில்லை. நான் செய்தது சரியா என்று அப்போது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

சபாபதி ஐயாவின் மகன் போன் செய்து, “பாத்தியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ராமலிங்கம் சார் ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக ஒரு படிவம் எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறார், நீங்கள் வந்தால் காட்ட.

அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். உங்கள் அப்பா. ஆனால் கட்டவும் மாட்டேன். வேலையை விட்டுவிடுவேன். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. என்னால் முடியாது அக்கா, அதனால் எழுதுகிறேன்.

சுகாசினி


காஞ்சிபுரம்,
13 அக்டோபர் 2024

அன்புள்ள சுகாசினிக்கு,

பக்கத்து ஊரில் இருந்துகொண்டே கடிதம் எழுதுகிறேன். நேரில் பார்த்தால் அழுதுவிடுவேன், எழுதினால்தான் எனக்கு நேராகப் பேச வருகிறது.

நேற்று நீங்கள் வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் போன பிறகு விழித்தார். கஞ்சி குடித்தார், அரை டம்ளர். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிளேட் நன்றாகப் பிடித்திருக்கிறது, பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பிக்கலாம் என்றார்.

ஆபரேஷன் முடிந்த அன்று அவர் மயக்கத்தில் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். நர்ஸ் பாண்டேஜ் துணியை எடுத்து வந்தாள், கையைக் கட்டிலோடு கட்ட. வேண்டாம் என்றேன். அப்படியானால் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். பிடித்துக்கொண்டேன். ஒரு பகலும் இரவும். அந்த இடது கைக்கு இன்னும் என்ன பலம் தெரியுமா? என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒருவரைக் கட்டாமல் இருப்பதற்கு ஒரு முழு ஆள் வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இருபத்துமூன்று பேரை வைத்துக்கொண்டு நீங்கள் அதைச் செய்திருக்கிறீர்கள். நான் சூரத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டேன்.

ராமலிங்கத்தைப் பார்த்தேன். படிவத்தை நீட்டினார். இந்தத் தடவை உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்பது பக்கமும் படித்தேன். பதினோராவது விதியைக் குறுக்கே அடித்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட்டேன். “அடிக்கக் கூடாது மேடம்” என்றார். “அடிச்சாச்சு சார்” என்றேன். பிறகு, டீக்கடைக்குப் போகிற வழியில் அந்தக் கல்லைப் பெயர்த்தெடுக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். நல்ல மனிதரா கெட்ட மனிதரா என்று எனக்கு விளங்கவில்லை. நாலு மணிக்கு ஒருநாள் அவரையே உங்கள் டூட்டியில் நிற்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வேலையை விடுவதைப் பற்றி இன்னொரு தடவை எழுதாதீர்கள். செய்தது சரியா என்று ஆம்புலன்சில் பதில் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ரயிலில் தெரியவில்லை. முப்பது மணி நேரம் உங்களைத் திட்டிக்கொண்டும் என்னைத் திட்டிக்கொண்டும்தான் வந்தேன். அந்த ஐந்து வரிக் கடிதத்தை எழுதியவளே நான்தான் என்பதைக்கூட மறக்கப் பார்த்தேன்.

இன்று காலை சொந்தக்காரர்கள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரோ ஒரு வேலைக்காரப் பெண் பேச்சைக் கேட்டு அப்பாவை இப்படிப் பண்ணிவிட்டாயே என்றார் அத்தை. அவர்கள் பேர் சுகாசினி, பேரைச் சொல்லுங்கள் என்றேன். மாமா என்னைத் தனியாக ஓரமாகக் கூட்டிப் போய்ப் பரிவாகத்தான் கேட்டார்:

“கட்டிப் போட்டிருந்தா இது நடந்திருக்குமா பாப்பா?”

“நடந்திருக்காது மாமா. அப்பாவும் நடந்திருக்க மாட்டாரு” என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எழுப்பி நிற்க வையுங்கள்.

புவனா